சாப்பாட்டு மேசையில் ஒரு பொம்மர்

1

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனி விழுவதைப் பற்றி எழுதுவார்கள். ரயில் நேரத்துக்கு வருவதை எழுதுவார்கள். எனக்கு அதெல்லாம் வராது. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த ஒரு கேவலத்தை எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நான் கும்மிடிப்பூண்டிக்காரன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் தொழிற்பேட்டைக்குப் போனேன். பிஸ்கட் அடுக்குகிற பிளாஸ்டிக் தட்டு செய்கிற ஒரு சின்ன யூனிட். வேக்கம் மிஷின் என்று சொல்வோம். பிளாஸ்டிக் ஷீட்டுக்குச் சூடு காட்டினால் முதலில் அப்பளம் மாதிரி நெளியும், பிறகு நடுவில் தொங்கும். அது தொங்குகிற நேரம் பார்த்து அச்சு மேலே வரும், கீழேயிருந்து காற்றை உறிஞ்சும். ஷீட் போய் அச்சைக் கவ்விக்கொள்ளும். ஒரு மூச்சு முன்னால் உறிஞ்சினால் கிழியும், பின்னால் உறிஞ்சினால் சுருங்கும். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

என் மனைவி ஸ்டெல்லா மீஞ்சூர்க்காரி. நர்ஸ். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது அவளுக்கு. நான் அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன். விண்ணப்பத்தில் எனக்குப் பெயரே 'சார்ந்திருப்பவர்'. எங்கள் தெருவில் புருஷன் சம்பாதிக்கவில்லை என்றால் வேறு வார்த்தை சொல்வார்கள். இங்கே அதை அரசாங்கமே மரியாதையாக அச்சடித்துக் கொடுக்கிறது.

பிறந்த ஊர் என்ற கட்டத்தில் கும்மிடிப்பூண்டி அடங்கவில்லை. கடைசி எழுத்தை விட்டுவிட்டேன். இன்றுவரை இந்த நாட்டின் கணக்கில் நான் ஒரு எழுத்து குறைந்த ஊரில் பிறந்தவன்.

2

இங்கே எனக்கு சாலட் பாக்கெட் போடுகிற கம்பெனியில் வேலை. கழுவி நறுக்கிய இலையைப் பிளாஸ்டிக் தட்டில் போட்டு மூட வேண்டும். தட்டைப் பார்த்தாலே தெரியும், எங்கேயோ ஒருத்தன் ஷீட்டைச் சுட்டு உறிஞ்சியிருக்கிறான். ஊரில் நான் தட்டு செய்தேன், இங்கே தட்டை நிரப்புகிறேன். இதைத்தான் ஊரில் முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் பெல்ட்டில் தட்டுகள் குவிந்துவிட்டன. "இன்னாடா இது பேஜாரு" என்று வாய்விட்டுக் கத்தினேன். பெல்ட்டின் அந்தப் பக்கம், முடிக்கு வலை போட்ட ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கும்மிடிப்பூண்டியோ?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிண்ணே?"

"பேஜாரு எண்டதிலை பிடிச்சிட்டன். பன்னெண்டு வருசம் அங்கை இருந்தனான்."

தவராசா அண்ணன். இலங்கையிலிருந்து படகில் வந்து, கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் இருந்து, அங்கே பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போய், பிறகு எப்படியெப்படியோ இங்கே வந்து சேர்ந்தவர். அவர் மனைவி சுகந்தி அக்காவும் அதே முகாம். அங்கேதான் கல்யாணம்.

அன்றிலிருந்து வேலைக்கு அவர் காரில்தான் போனேன். காரில் ஏறியதும் அவர் எங்கள் பேச்சைப் பேசுவார், என்னைச் சிரிக்க வைக்க. "இன்னாபா, நாஷ்டா துன்ட்டியா?" யாழ்ப்பாணத்து வாயில் அது பாவாடைக்கு மேல் கோட் போட்ட மாதிரி இருக்கும். கவரைப்பேட்டை ரயில்வே கேட், ஊத்துக்கோட்டை பஸ்ஸில் மூச்சு முட்ட நின்றது, சந்தை, மழைத் தண்ணி என்று என் ஊரைப் பற்றி என்னோடு பேச இந்த நாட்டில் ஒரே ஒருத்தர்தான். என் ஊர் என்று நான் சொல்லலாம், அவர் சொல்ல முடியாது. ஆனாலும் அவருக்குத்தான் தெருத்தெருவாக ஞாபகம் இருந்தது.

இவ்வளவுக்கும் ஊரில் இருந்த காலத்தில் முகாம்காரர் ஒருவரோடும் நான் உட்கார்ந்து பேசியதில்லை. அவர்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். சண்டை ஒன்றும் கிடையாது. பேசவில்லை, அவ்வளவுதான். அதற்கு என்ன விலை என்று இங்கே வந்துதான் தெரிந்தது.

3

இப்போது விமானத்துக்கு வருகிறேன்.

எங்கள் டவுனுக்கு வெளியே கோதுமை வயல் நடுவில் ஒரு பழைய ஓடுபாதை உடைந்து கிடக்கிறது. உலகப் போரில் குண்டுபோடப் போன நாலு இஞ்சின் விமானங்கள் அங்கிருந்துதான் கிளம்பின. டவுனில் மாதிரி விமானம் செய்கிற கிழவர்களின் மன்றம் ஒன்று இருக்கிறது. சர்ச்சில் பழக்கமான கீத் என்பவர் என்னை அங்கே கூட்டிப்போனார். போர் முடிந்த ஆண்டு நிறைவுக்கு ஊர் மண்டபத்தில் கண்காட்சி. அதற்கு அந்த விமானத்தைப் பெரிதாகச் செய்து வைக்க வேண்டும் என்று கீத்துக்கு ஆசை. அவருடைய பெரியப்பா அதில் போய்த் திரும்பாதவர். அதைச் செய்வதற்கென்று கடையில் வாங்கிய பெட்டி அவரிடம் வெகு காலமாக இருக்கிறது, ஆனால் கை நடுக்கம் வந்துவிட்டது. மற்றவர்கள் அந்தப் பெட்டியைத் தொடவே பயந்தார்கள்.

ஏன் என்று திறந்ததும் தெரிந்தது. உள்ளே பாகங்களே இல்லை. பெரிய பெரிய வெள்ளைத் தகடுகள், அதில் அங்கங்கே புடைப்பு. பாதி உடம்பு, பாதி இறக்கை, பாதி வால். வேக்கம் மிஷினில் எடுத்தது. மூக்கில் வைத்து மோந்தேன். என் யூனிட் வாசனை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கிழவர்களுக்கு முன்னால்.

"நான் செய்றேன்" என்றேன்.

வாங்கிய நாளிலிருந்து சாப்பாட்டு மேசைதான் பட்டறை. புடைப்பைச் சுற்றி பிளேடால் லேசாகக் கீற வேண்டும், பிறகு மடக்கினால் படக்கென்று பிரியும். பிரிந்ததை ஈர உப்புத்தாளில் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அளவுக்கு மேல் தேய்த்தால் உடம்பு ஒல்லியாகிவிடும், ரெண்டு பாதியும் சேராது. சேர்த்தால் நடுவில் தொய்யும், அதனால் உள்ளே குறுக்குத் தடுப்பு செய்து வைக்க வேண்டும். ஒட்டி, இடுக்கை அடைக்க மக்கு பூசி, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து. இறக்கை விரித்தால் நாலடிக்கு மேல்.

அதற்குப் பிறகுதான் உள்வேலை. ஓட்டுகிறவர் இருக்கை, ரேடியோ பெட்டி, ஒயர். பழைய சார்ஜரை உரித்து செப்புக் கம்பி எடுத்தேன். துப்பாக்கிக் குழாய்க்கு ஊசி. முன்பலகையில் இருக்கிற மீட்டர் முகங்களுக்கு ஸ்டெல்லாவின் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு, மிகச் சின்ன சைஸ். அதில் ஒற்றை முடி பிரஷ்ஷால் வெள்ளை முள்.

"ஏன்யா, நாலு பேரு சோறு துன்ற எடத்த ஷெட்டாக்கி வச்சிக்கினு கீற?" என்பாள் ஸ்டெல்லா. "பொட்டு எடுக்கலாம்னு போனா ஒண்ணுகூட இல்ல. உனுக்கு இன்னா, சின்னப் புள்ளன்னு நெனப்பா?"

எங்கள் மகள் ஜெனிக்குப் பதினாறு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும், அதுவும் ஒரு வார்த்தை. அவள் மட்டும் அதிசயமாக ஒரு உதவி செய்தாள். விசிறிகள் சுற்ற நான் மோட்டார் வைத்திருந்தேன். அந்த விமானத்தின் நிஜமான இஞ்சின் சத்தத்தை நெட்டில் தேடி எடுத்து, சின்ன ஸ்பீக்கரில் ஏற்றி, வயிற்றுக்குள் குண்டு இருக்கிற இடத்தில் வைத்துக் கொடுத்தாள். ஸ்விட்சைப் போட்டால் நாலு விசிறியும் சுற்றும், தூரத்திலிருந்து வருகிற மாதிரி மெதுவாக ஆரம்பித்து வீடே அதிரும்.

அவள் என்னோடு சேர்ந்து செய்த ஒரே காரியம். அந்த சந்தோஷத்தில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

காரில் தவராசா அண்ணனிடம் இதைச் சொல்லியிருந்தேன். பெரிய ஆள் விளையாட்டுச் சாமான் செய்கிறான் என்று சொல்ல வெட்கப்பட்டு, "வீட்ல ஒரு பெரிய பொம்ம செஞ்சிக்கினு கீறேண்ணே" என்றேன். "செய்யும் செய்யும், ஜெனியின்ரை பிள்ளைக்கு உதவும்" என்று சிரித்தார். என்ன பொம்மை என்று அவர் கேட்கவில்லை.

4

நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளை வருடா வருடம் பிரியாணி செய்து கொண்டாடுவோம். இந்த வருடம் தவராசா அண்ணனையும் சுகந்தி அக்காவையும் கூப்பிட்டோம். அக்கா எங்கள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. எப்போதும் நாங்கள்தான் போவோம்.

"மேசைய காலி பண்ணு" என்றாள் ஸ்டெல்லா.

"பெயின்ட் காயல. பாதி மேசை போதும்" என்றேன். பொய். காய்ந்துவிட்டது. அவர்கள் பார்க்க வேண்டும் என்று ஆசை.

உள்ளே வந்ததும் தவராசா அண்ணன் மேசையைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. மனைவியின் பக்கம் திரும்பினார். அதற்குள் அக்கா மேசைக்கு அருகே போய்விட்டார். கறுப்பு வயிறு, நாலு இஞ்சின். ஜெனி பக்கத்தில் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது பொம்மரோ தம்பி?" என்று கேட்டார் அக்கா.

என் காதில் விழுந்தது 'பொம்மையோ'. எங்கள் ஊரில் பொம்மையைப் பொம்ம என்போம்.

"ஆமாக்கா, பொம்ம தான்! வெறும் பொம்ம. பாருங்க" என்று சொல்லிக்கொண்டே ஸ்விட்சைப் போட்டேன்.

அந்தச் சத்தம் மெதுவாக ஏறியது. எனக்குப் பெருமை. அக்கா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். விமானத்தைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். அடுத்த கணம் ஜெனியின் தோளைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, அவள் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். ஜெனியின் தலையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். விழும்போது மேசைத்துணி மாட்டி இழுபட்டது. தட்டுகள் போயின. விமானம் சறுக்கியது.

என் பெண் தரையில் கிடக்கிறாள். வீட்டுக்கு வந்த ஒரு மனுஷி அவள் மேல் கிடக்கிறார். என் ரெண்டு கையும் எங்கே போனது என்றால், விமானத்துக்குப் போனது. ஓடிப்போய் இறக்கையைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு, "பாத்துக்கா, பாத்து, ஒடஞ்சிடும்" என்றேன்.

இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் இதற்காகத்தான்.

என் கை ரெண்டும் அதைப் பிடித்திருந்ததால் ஸ்விட்சை அணைக்கவும் ஆளில்லை. சத்தம் போய்க்கொண்டே இருந்தது. தவராசா அண்ணன் வந்து விமானத்தின் வயிற்றுக்குள் கையை விட்டு ஒயரைப் பிய்த்து எறிந்தார்.

அக்கா எழுந்து உட்கார்ந்தார். துணியைச் சரிசெய்தார். ஜெனியின் முகத்தைத் தடவி, "நொந்துபோச்சோ பிள்ளை?" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பழக்கதோசம் தம்பி. குறை நினையாதேங்கோ. சோறு ஆறுது."

மன்னிப்பு கேட்டவர் அவர். நான் இன்னும் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

5

பொம்மர் என்றால் குண்டு போடுகிற விமானம் என்று அக்காவிடமே கேட்டுவிட்டு எனக்குச் சொன்னது ஜெனி.

"டாட், it's not பொம்மை" என்று ஆரம்பித்தவள், பிறகு இங்கிலீஷை விட்டுவிட்டாள். "அவங்க ஊர்ல எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்களாம். சின்னப் பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியுமாம். உங்களுக்குத் தெரியாதா? நீங்க அந்த ஊர்தானே? அவங்க அங்கதானே இருந்தாங்க?"

எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் அந்த வார்த்தை வருடக்கணக்காக இருந்திருக்கிறது. ஆயிரம் பேர் வாயில் இருந்திருக்கிறது. என் காதுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. அவ்வளவு லட்சணமாக நாங்கள் பக்கத்தில் வாழ்ந்திருக்கிறோம்.

அந்த வாரத்திலிருந்து ஜெனி பள்ளிக்கூடம் விட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். சத்தத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தது தான்தான் என்று அவளுக்கு உறுத்தல். போனவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள். பிள்ளைகள் கையைவிட்டுப் போகிறார்கள் என்று வெளிநாட்டில் எல்லாரும் அழுகிறார்கள். என் பிள்ளை போனது வெள்ளைக்காரப் பக்கம் இல்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது, "சாப்பிட்டனீங்களோ அப்பா?" என்றாள். இதற்கு முன் அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டுக் கேட்டதில்லை.

"இன்னாடி இது, இலங்கைக்காரி மாதிரி பேசுற?" என்றாள் ஸ்டெல்லா.

"நீங்க சொல்லித் தரல. அவ சொல்லித் தாறா" என்றாள் ஜெனி.

இன்னொரு நாள், தலை சீவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "அக்காக்கு ஒரு தங்கச்சி இருந்தவ."



தவராசா அண்ணன் காரில் என்னை வழக்கம்போல் ஏற்றிக்கொண்டார். ஆனால் நாஷ்டா துன்ட்டியா என்று கேட்பதை விட்டுவிட்டார். ரேடியோவைப் போட்டுவிடுவார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இந்த ஆளை இழந்தால் எனக்கு இந்த நாட்டில் பேச்சுத் துணை இல்லை. இவர் மௌனமாகவே வந்தால் அதுவும் இழந்ததும் ஒன்றுதான். என்ன செய்து சரிபண்ணுவது என்றும் தெரியவில்லை.

6

ஒரு வெள்ளிக்கிழமை அவரே ரேடியோவை நிறுத்தினார்.

"சுகந்தி உம்மை வரச் சொல்லுறா. அதையும் கொண்டு வரட்டாம்."

"விமானத்தையாண்ணே? வேணாண்ணே."

"நானும் வேண்டாம் எண்டுதான் சொன்னன். கிட்டத்திலை பாக்கோணுமாம். கீழையிருந்து மட்டுந்தான் கண்டவவாம்." கியரை மாற்றினார். "அவ உம்மட்டை ஒண்டு கேப்பா. மேலையிருந்து பாத்தா ஆள் தெரியுமோ எண்டு. தெரியாது எண்டு சொல்லும். முப்பது வருசமா நான் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு வாறன். அந்தப் பேச்சிலைதான் அவ நித்திரை கொள்ளுறா. விளங்குதோ?"

"விளங்குது" என்றேன். அவரே ஒரு வேலை கொடுத்துவிட்டார், இதைச் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று உள்ளுக்குள் சந்தோஷமும் பட்டேன்.

இறக்கைகளைக் கழற்றிக் கம்பளியில் சுற்றி எடுத்துப்போனோம். ஸ்பீக்கரை முன்பே பிய்த்துப் போட்டிருந்தேன். ஜெனி அங்கேதான் இருந்தாள். அக்கா தரையில் விரிப்பு விரித்து, அதில் வைக்கச் சொன்னார். சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து விமானத்தின் மூக்கிலிருந்த கண்ணாடிக்குள் பார்த்தார்.

"இதிலை குண்டைத் தள்ளி விடுற ஆள் எங்கை நிக்கிறது?"

"இதுல தள்ளறது இல்லக்கா. முன்னாடி குப்புறப் படுத்துகினு கண்ணாடி வழியா பாத்து பட்டன் அமுக்குவான்."

"படுத்துக்கொண்டோ!" அக்காவுக்கு ஆச்சரியம். "அவருக்குக் கீழை ஆக்கள் தெரியுமோ?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"இது ராத்திரி போறதுக்கா. ரொம்ப ஒசரம். ஒண்ணும் தெரியாது." இதுவரை நான் சொன்னது உண்மை.

"எங்களுக்கு வந்தது பகல்" என்றார் அக்கா. "உயரத்திலை வரேல்லை. பனைக்கு மேலை, மெதுவா. கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு ஒருத்தன் நிண்டவன். குண்டுப் பீப்பாயைக் காலாலை தள்ளினவன். நீலச் சேட்டு. நாங்கள் ரெண்டு பேரும் கிணத்தடியிலை. நான் நிமிந்து பாத்தனான், அவனும் பாத்தவன். பிறகுதான் தள்ளினவன். அம்மா சொன்னா அவனுக்கு ஒண்டும் தெரிஞ்சிராது, உனக்குப் பயத்திலை விசர் பிடிச்சு அப்பிடித் தோன்றுது எண்டு. இவரும் அதைத்தான் சொல்லுறார். நீங்கள் இதெல்லாம் படிச்சுச் செய்யிற ஆள். சொல்லுங்கோ."

தெரியாதுக்கா. இது ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து மன்னிப்பு கேட்ட அதே முகம்.

"அவன் சட்ட கலர் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றேன். "அப்பன்னா நீங்க அவனுக்குத் தெரிஞ்சிருப்பீங்கக்கா."

ஜெனி அக்காவின் கையைப் பிடித்தாள்.

அக்கா அழவில்லை. நெடுநேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்ட மாதிரி தோள் இறங்கியது. கணவர் பக்கம் திரும்பினார்.

"கேட்டியளோ? எனக்கு விசரில்லை."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எழுந்து போய் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். குடித்தோம். அக்கா ஜெனியிடம் பரீட்சை எப்போது என்று கேட்டார்.

என்னையும் விமானத்தையும் அண்ணன்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டார். ஜெனி பின்சீட்டிலிருந்து இறங்கி, கம்பளி மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்வரை காத்திருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நீர் சொன்னது பிழையில்லை. ஆனா திங்கக்கிழமையிலயிருந்து பஸ்ஸிலை போம்."

கண்காட்சி நடந்துகொண்டிருக்கிறது. விமானத்தை மண்டபத்தில் வைத்து, என் பெயரைத் தப்பாக எழுதி, அட்டை ஒன்றும் வைத்திருக்கிறார்களாம். கீத் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. ஸ்டெல்லா சொல்கிறாள், உனுக்கு வாயில சனி, ஒரு பொய் சொன்னா இன்னா கொறஞ்சிடும்னு. ஜெனி சொல்கிறாள், அப்பா செய்தது சரி, அக்கா இப்போது தங்கச்சியின் பெயரைச் சொல்லிப் பேசுகிறார், முன்பெல்லாம் சொல்ல மாட்டார் என்று. ரெண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

காலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். அவர் கார் அந்த வழியாகத்தான் போக வேண்டும், வேறு வழி கிடையாது. முன்சீட் காலியாக இருக்கிறது. சிக்னல் சிவப்பு விழுந்து கார் எனக்கு நேராக நின்றுவிட்டால், அது பச்சையாகும்வரை அவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார், நானும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.